அச்சுக்கூடமும் அதற்குக் கிடைத்த மறுமொழியும்

முன்னுரை

திருச்சபையாராகிய நாம் அச்சுக்கலையின் வரலாற்றைச் சொல்லும்போது பெரும்பாலும் அதனை ஒரு வெற்றி வரலாறாகவே சொல்லி வருகிறோம். மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் வேதாகமத்தை அச்சிட்டார். விட்டன்பர்க்கில் லூத்தர் அதனை மக்கள் மொழியில் தந்தார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் அதனைத் தமிழில் தந்தார் என்ற வரிசையில் நம் சபைகளின் ஆண்டு விழா மலர்கள் அவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறும். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவ்வாறு சொல்லும்போது அவ்வரலாற்றின் மறுபாதி விடுபட்டுப் போகிறது. அச்சு, முதலில் அச்சிட்டவருடைய கையோடு நின்றுவிடவில்லை. அச்சிட்டதை வாசித்தவர் தாமும் எழுதினார்; எழுதியதைத் தாமும் அச்சிட்டார்; அவருடைய சொல் முதலில் அச்சிட்டவரை நோக்கியே திரும்பி வந்தது. அவ்வாறு திரும்பி வந்த மறுமொழியைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொண்டது என்னும் வினாவை மனத்திற்கொண்டு அச்சின் வரலாற்றைச் சற்றே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மைன்ஸும் விட்டன்பர்க்கும்

கூட்டன்பர்க்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கிழக்கு நாடுகள் அச்சை அறிந்திருந்தன. சீனாவில் மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி அச்சிட்ட வைரச் சூத்திரம் என்னும் பௌத்த நூலின் படியொன்று கி.பி. 868-ஆம் ஆண்டு நாளிட்டது. பதினோராம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பீ ஷெங் என்பவர் சுட்ட களிமண்ணால் தனித்தனி எழுத்துகளை ஆக்கினார். கொரியாவில் 1377-இல் உலோக எழுத்துகளைக் கொண்டு ஒரு பௌத்த நூல் அச்சாயிற்று. எனவே, கூட்டன்பர்க்கை அச்சுக்கலையின் தந்தை என்பது ஐரோப்பாவைப் பொறுத்தவரையிலேயே பொருந்தும். பொற்கொல்லரின் தொழில் நுட்பம் அறிந்த அவர், ஒரே அளவான எழுத்துகளை விரைவாக வார்க்கும் அச்சு, உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மை, திராட்சை பிழியும் ஆலையை ஒத்த அழுத்துபொறி ஆகியவற்றை ஒன்றாக இணைத்தார். 1455-ஐ ஒட்டி நிறைவேறிய அவருடைய 42 வரி வேதாகமம் ஏறத்தாழ 180 படிகள் அச்சிடப்பட்டது. மடத்தில் அமர்ந்து ஒரு துறவி ஒரு படியை எழுதி முடிக்கும் உழைப்பை எண்ணிப் பார்ப்போர்க்கு இத்தொகையின் பெருமை விளங்கும்.

அவ்வேதாகமத்தை நாம் அறிவோம். அதே ஆண்டுகளில் மைன்ஸ் நகரில் அச்சான வேறொன்றை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. சைப்பிரஸ் தீவின் பாதுகாப்பிற்குப் பணம் திரட்டும்பொருட்டு விற்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டுகள் 1454-ஆம் ஆண்டு நாளிட்டவையாக அச்சில் கிடைக்கின்றன. வாங்குபவரின் பெயரும் நாளும் எழுதுவதற்கு அவற்றில் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. ஆக, வேதாகமமும் பாவமன்னிப்புச் சீட்டும் ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில் அச்சாயின. ஈய எழுத்துக்குத் தன்னளவில் பக்தியுமில்லை, பகையுமில்லை.

1517-இல் லூத்தர் அச்சீட்டு வாணிகத்தை எதிர்த்து 95 கருத்துரைகளை இலத்தீன் மொழியில் எழுதினார். அவை அறிஞர் விவாதத்திற்கென்றே எழுதப்பட்டவை. ஆயினும் அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நூரன்பர்க், லைப்சிக், பாசல் நகரங்களில் அவை அச்சேறின. அடுத்த ஆண்டு அதே பொருள் குறித்து எளிய ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய சிறு நூல் 1520-க்குள் இருபதுக்கு மேற்பட்ட முறை அச்சிடப்பட்டது. அறிஞர் மொழியில் எழுதியது அறிஞரைக் கலக்கியது. மக்கள் மொழியில் எழுதியது நாட்டையே கலக்கியது. 1522-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாடு விரைவில் விற்றுத் தீர்ந்து, டிசம்பர் மாதத்திலேயே மறுபதிப்புக் கண்டது.

இதுவரை நாம் மகிழ்ந்து சொல்லும் பகுதி. இனி வருவது நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி. 1525-இல் தென்ஜெர்மனியின் உழவர் தம் குறைகளைப் பன்னிரண்டு கோரிக்கைகளாகத் தொகுத்து அச்சிட்டனர். கிறிஸ்து தம் இரத்தத்தால் அனைவரையும் மீட்டிருக்க ஒருவர் மற்றொருவருக்கு அடிமையாதல் எங்ஙனம் பொருந்தும் என்று அவர்கள் வினவினர். தம் கோரிக்கைகளுள் எதுவும் வேதத்திற்கு மாறானது என்று மெய்ப்பிக்கப்பட்டால் அதனைக் கைவிடுவோம் என்றும் உறுதி கூறினர். லூத்தர் கற்றுக்கொடுத்த முறையில், லூத்தர் திறந்துவைத்த நூலைக் கொண்டு, லூத்தர் பயன்படுத்திய கருவியின் வழியாகவே அவர்கள் பேசினர். முதலில் இருதரப்பாரையும் கடிந்து சமாதானம் கூறிய லூத்தர், கலகம் மூண்டபின் அவ்வுழவரை அடக்கி ஒடுக்குமாறு அரசரை ஏவும் மிகக் கடுமையான நூலொன்றை எழுதி அச்சிட்டார். அவ்வாண்டில் மடிந்த உழவர் பல்லாயிரவர். சீர்திருத்தத் திருச்சபை, அச்சின் முதல் பெரும் மறுமொழியைக் கேட்டபோது அதனைத் தாங்கிக்கொள்ளவில்லை என்பது நாம் மறைக்கலாகாத உண்மை.

2. தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டது

தமிழ் எழுத்து அச்சேறிய வரலாறு சீர்திருத்தச் சபையாருக்கு முன்னரே தொடங்கிவிட்டது. இதனை நாம் தாராள மனத்துடன் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே ஊழியம் செய்த இயேசு சபையினராகிய அண்டிரிக் அடிகளார் தமிழில் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலே, தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டு இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் முதன்மையானது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய பெருமையையும் அதுவே பெறுகிறது. 1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1586-இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. அதன்பின் அம்முயற்சி தளர்ந்தது.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பர்த்தொலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ ஆகிய இருவரும் டேனிய மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். கடற்கரை மணலில் குழந்தைகளோடு அமர்ந்து எழுத்துக் கற்றார் என்று சீகன்பால்கைப் பற்றி வழங்கும் செய்தியை நாம் அறிவோம். 1708-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-ஆம் ஆண்டு மார்ச்சில் முடித்தார். ஆனால் மொழிபெயர்ப்பு முடிந்தும் அச்சிட வழியில்லை. ஓலையில் படியெடுப்பது காலத்தையும் பணத்தையும் விழுங்கியது.

இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் உதவ முன்வந்தது. அச்சங்கம் அனுப்பிய அச்சுப்பொறியை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. பின்னர் மீண்டு பயணத்தைத் தொடர்ந்தபோது, உடன் வந்த அச்சாளர் வழியிலேயே நோயுற்று இறந்தார். 1712-இல் பொறி வந்து சேர்ந்தது; அதனை இயக்குவோர் இல்லை. கோட்டையிலிருந்த ஒரு ஜெர்மானியப் படைவீரர் அத்தொழிலை ஓரளவு அறிந்திருந்தமையால் போர்த்துக்கீசிய மொழியில் அச்சு வேலை தொடங்கியது. 1713-இல் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் ஆட்லர் என்னும் கைதேர்ந்த அச்சாளருடன் வந்தன. அவ்வெழுத்துகளோ மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிருப்பிலிருந்த தாள் போதாது. எனவே ஆட்லர் சிறிய எழுத்துகளை இங்கேயே வெட்டி வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தனர் என்றும் சொல்லப்படுகிறது. தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் எழுத்து வார்ப்பிடமும், பின்னர்த் தாள் செய்யும் ஆலையும் எழுந்தன. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின; 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையும் நிறைவேறியது. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்க் காலமானார். தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இவ்வரலாற்றில் மொழிபெயர்த்தவர் பெயரை நாம் நினைவுகூர்கிறோம். எழுத்தை வெட்டியவர், வார்த்தவர், கோத்தவர், தாள் பிழிந்தவர், ஆகியோருள் பெரும்பாலோர் பெயரற்றவராகவே போயினர். நம் நாட்டுத் தொழிலாளர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

3. அச்சேறாத ஒரு கையெழுத்துப் படி

தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் முதலில் வெளிவந்த தமிழ்த் துண்டு நூல்களுள் ஒன்று, இந்நாட்டாரின் சமயத்தை அஞ்ஞானம் என்று கண்டிப்பதாகும். 1713-இல் அது அச்சாயிற்று. அதே 1713-இல் சீகன்பால்க் வேறொரு நூலையும் எழுதி முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு வரிசையை ஜெர்மன் மொழியில் விளக்கும் பெருநூல் அது. தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து, நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708-இலேயே விளக்கப் பட்டியல் எழுதிய அறிஞர் அவர். இந்நாட்டாரோடு உரையாடியும், அவர்களிடமிருந்து மடல்கள் பெற்றும் அறிந்துகொண்டவற்றை அந்நூலில் அவர் ஒழுங்குபடுத்தினார்.

அந்நூல் ஹாலேக்கு அனுப்பப்பட்டது. அங்கே மிஷனுக்குப் பேராதரவாக விளங்கிய பிராங்கே பேராசிரியர் அதனை அச்சிட மறுத்தார். மிஷனெரிகளை அனுப்பியது இந்தியாவில் அஞ்ஞானத்தை ஒழிப்பதற்கே. அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவருடைய கருத்து. கையெழுத்துப் படி ஹாலேயில் கிடந்தது. 1867-இல்தான், அதாவது 154 ஆண்டுகளுக்குப் பின், ஜெர்மான் என்னும் மிஷனெரியின் முயற்சியால் சென்னையில் அது அச்சேறியது.

இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். பிராங்கே கல்வியை வெறுத்தவர் அல்லர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும், மலிவான வேதாகமங்களுக்கு அச்சுக்கூடமும் கண்ட பெரியார். அவரே ஓர் அரிய நூலின் வாயை அடைத்தார். கண்டன நூலுக்குத் தாளும் மையும் கிடைத்தன. அறிந்துகொள்ளும் நூலுக்கு அவை கிடைக்கவில்லை. அச்சுக்கூடம் வெளியிட்டவற்றைக் கொண்டு மட்டும் ஒரு காலத்தை மதிப்பிடுவோர், அது வெளியிட மறுத்தவற்றையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும்.

4. யாழ்ப்பாணத்து மறுமொழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. 1812-இல் சென்னையில் திருக்குறளும் நாலடியாரும் அச்சேறின. தம் பாட்டனார் கந்தப்பன் பாதுகாத்திருந்த குறட்சுவடி, அவர் வேலை செய்த வெள்ளை அதிகாரியின் வழியாக எல்லிசு துரையிடம் சேர்ந்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். 1835-இல் மெட்காப் துரையின் சட்டம் கம்பெனி ஆட்சிப்பகுதிகளில் அச்சுக்கிருந்த உரிமக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதன்பின் நாட்டினர் நடத்தும் அச்சுக்கூடங்கள் பெருகின.

இலங்கையில் அமெரிக்க மிஷனுக்காக 1820-இல் வந்த அச்சாளரைத் தங்கவிடாமல் பிரித்தானிய ஆளுநர் திருப்பி அனுப்பினார். எழுத்தும் அச்சும் எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற அச்சம் ஆட்சியாளருக்கு என்றும் உண்டு. 1834-இல் மானிப்பாயில் அம்மிஷனின் அச்சுக்கூடம் நிலைபெற்றது. 1841-இல் உதயதாரகை இதழ் தோன்றியது. பள்ளி, பிரசங்கம், துண்டு நூல், இதழ் ஆகிய நான்கும் ஒருங்கே இயங்கிய இடமாக யாழ்ப்பாணம் விளங்கியது.

இச்சூழலில் வளர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822-இல் பிறந்த அவர், வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகள் உழைத்தார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. அதற்குள் நாவலர் மிஷன் பணியை விட்டு நீங்கியிருந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849-இல் தமிழகம் சென்று அச்சுப்பொறி வாங்கிவந்தார். அதுவே வித்தியாநுபாலன யந்திரசாலை.

அங்கிருந்து வெளிவந்தவற்றை நோக்குங்கள். சிறுவர்க்குப் படிப்படியான பாலபாடங்கள். வினாவும் விடையுமாக அமைந்த சைவ வினாவிடை. பெரியபுராணத்தின் உரைநடை வடிவம். கண்டனத் துண்டு நூல்கள். இவ்வடிவங்களுள் பலவற்றை மிஷன் பள்ளியிலேயே அவர் நன்கு கண்டிருந்தார். நம் ஞானோபதேச வினாவிடையின் அமைப்பு சைவத்திற்கு ஊழியம் செய்யலாயிற்று. 1854-இல் அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம், பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாடு, பலி, தூபம், தீபம் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, சைவரின் வழிபாட்டை நீங்கள் பழிப்பது எங்ஙனம் பொருந்தும் என்று மிஷனெரிமாரைக் கேட்டது. வேதாகமத்தை மொழிபெயர்க்க உதவியவர் அதனை நன்றாகவே வாசித்திருந்தார்!

நாவலரைத் திருச்சபையின் எதிரி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அவருடைய மறுமொழியால் நமக்குக் கிடைத்த நன்மைகள் சில உள. செய்யுளிலேயே பெரிதும் உழன்ற தமிழில் தெளிவான உரைநடை வலுப்பெற்றது. ஏட்டில் புள்ளியிடாது எழுதிய வழக்கத்தால் நேர்ந்த மயக்கங்கள், கற்றோர் கவனித்து அச்சிட்ட பதிப்புகளால் நீங்கின. பிறர் சமயத்தை அறியாமலே பழித்துரைக்கும் பிரசங்கியாருக்கு, இனி வாசிக்கும் கூட்டமொன்று எதிரே அமர்ந்திருக்கிறது என்ற எச்சரிக்கை கிடைத்தது. சீகன்பால்கின் நூலை அச்சிடாமல் மறுத்ததால் நாம் இழந்த படிப்பினையை நாவலரின் யந்திரசாலை வேறு வகையில் நமக்குப் புகட்டியது எனலாம்.

வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்ததும், உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்ததும் இக்கால வரலாற்றின் தொடர்ச்சியே. அச்சு புதியதைப் பரப்பியதோடு, அழிந்துகொண்டிருந்த பழையதையும் காத்தது.

5. வாசல் யாருக்குத் திறந்தது?

இங்கே ஒரு தடை எழும். அச்சு பெருகியது, வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தறிந்தோர் மிகச் சிறுபான்மையினரே. பெண்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் அச்சிறுபான்மையிலும் மிகக் குறைந்தவர். கிராமச் சபைகளில் உபதேசியார் உரக்க வாசிக்க, மக்கள் கேட்டே வேதத்தை அறிந்தனர். நாவலரும் சாதி ஒழுங்கை ஏற்றவரே. எனவே, அச்சு வந்தது, சமத்துவம் வந்தது என்று கூறிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆயினும் மறுமொழி அங்கும் எழுந்தது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட பெயரையே இதழின் தலைப்பில் பொறித்தார். 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழை வெளியிட்டார். விலை பெயரிலேயே இருந்தது. இலக்கியம், மருத்துவம், சமயம் ஆகியவற்றில் வல்ல அவர், தம் மக்களின் வரலாற்றை அவ்விதழில் திருப்பி எழுதினார். அவர் கிறிஸ்துவத்திற்கு வரவில்லை, பௌத்தத்தைத் தழுவினார். பந்தியிலும் கல்லறையிலும்கூடச் சாதி பார்த்த சபைகள் இந்நாட்டில் இருந்தன என்பதை நினைத்தால், அதுவும் நம்மை நோக்கிய ஒரு மறுமொழியே என்பது விளங்கும். 1525-இல் உழவர் கேட்ட கேள்வி, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு பைசா விலையில் இராயப்பேட்டையில் கேட்டது.

முடிவுரை

அச்சின் வரலாறு நமக்குக் காட்டுவது யாது? சொல்லைத் தன் கையில் வைத்திருந்தவர் ஒவ்வொருவரும், அதனைப் பிறர் கைக்குக் கொடுத்தபின் அது தம் சொற்படியே நடக்குமென்று எண்ணினர். பாவமன்னிப்புச் சீட்டை அச்சிட்டவர்க்குக் கருத்துரைகள் வந்தன. கருத்துரைகளை எழுதியவருக்கு உழவரின் கோரிக்கைகள் வந்தன. வினாவிடை கற்பித்தவருக்கு வினாவே திரும்பி வந்தது. கொடுப்பதில் திருச்சபை பெரும்பாலும் தாராளமாக இருந்தது. கேட்பதில் அவ்வளவு தாராளமாக இருக்கவில்லை.

ஈய எழுத்துகளின் காலம் முடிந்துவிட்டது. இன்று நம் மாணவர் எவரும் அச்சுக்கோப்பதைப் பார்த்திருக்கமாட்டார். சொல்லைப் பரப்பும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. மறுமொழி வர ஆண்டுகள் வேண்டியதில்லை, நொடிகள் போதும். இந்நிலையில் ஆயர் தம்மைத்தாமே கேட்கவேண்டிய கேள்விகள் பழையனவே. நம் சபை இதழில் எவருடைய எழுத்து ஏறுகிறது? எவருடைய கையெழுத்துப் படி மேசையறையில் கிடக்கிறது? நம் பிரசங்கத்தைக் கேட்டு, வேதத்தை வாசித்து, அதனைக் கொண்டே நம்மைக் கேள்வி கேட்கும் வாலிபரையும் பெண்களையும் நாம் கலகக்காரர் என்கிறோமா, பழுத்த கனி என்கிறோமா?

தரங்கம்பாடியில் சீகன்பால்கின் கல்லறையருகே நிற்கும் மாணவருக்கு நான் சொல்லுவது இதுவே: அவர் அச்சிட்ட புதிய ஏற்பாட்டிற்காக நன்றி செலுத்துங்கள், அவருடைய அச்சேறாத நூலையும் மறவாதிருங்கள். முன்னது அவர் இம்மக்களுக்குச் சொல்ல வந்ததை நமக்குக் கூறும். பின்னது, அவர் இம்மக்கள் சொல்லியதைக் கேட்கவும் செய்தார் என்பதை நமக்குக் கூறும்.